எண்பத்தெட்டுக் கட்டையும் ஐந்து மெட்டும்

எங்கள் வீட்டுக்கு எந்தப் பொருள் வருவதாக இருந்தாலும் அதற்கு முன்னால் ஓர் அட்டவணை வந்துவிடும். தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் முப்பத்து நான்கு வருடம் இயற்பியல் நடத்தியவன் நான். அளக்காத எதையும் நம்பாதே என்று வகுப்பில் சொல்லிச் சொல்லி, வீட்டிலும் அதே புத்தி ஒட்டிக்கொண்டது. கிரைண்டர் வாங்கியபோது ஏழு கடை ஏறி இறங்கினேன். கல்லின் எடை, மோட்டாரின் திறன், சத்தத்தின் அளவு என்று கட்டம் போட்டு மதிப்பெண் கொடுத்தேன். முதல் மதிப்பெண் வாங்கிய கிரைண்டர் வீட்டுக்கு வந்தது. அதன் குழவியைத் தூக்கிக் கழுவ முடியாமல் என் மனைவி ஒரு வருடம் அவதிப்பட்டாள். அதற்கு அட்டவணையில் கட்டம் இல்லை.

கிரைண்டர் கதையை நாங்கள் இருவருமே சிரித்துக்கொண்டுதான் சொல்லுவோம். கீபோர்டு வாங்கிய கதையையும் அப்படியே சொல்லித் தப்பித்துவிடலாம். ஆனால் அதில் ஒரு பொய் இருக்கிறது. அதைச் சொன்னவன் நான்.

மனைவி குரோம்பேட்டையில் ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்தவள். கல்யாணத்துக்கு முன்னால் ஐந்து வருடம் ஆர்மோனியம் கற்றுக்கொண்டவள். பணி ஓய்வுக்குப் பிறகு ஒருநாள், பெங்களூருக்குக் குடிபோன எங்கள் மகள் விட்டுச்சென்ற சின்னக் கீபோர்டை எடுத்துத் துடைத்தாள். அறுபத்தொரு கட்டை. பொம்மைக்குக் கொஞ்சம் மேலே, வாத்தியத்துக்குக் கொஞ்சம் கீழே என்று நான் அதற்கு ஓர் இடம் கொடுத்திருந்தேன். ஆர்மோனியப் பழக்கத்தில் அவள் தரையில் சம்மணம் போட்டுத்தான் உட்காருவாள். இரண்டு மணைப்பலகைகளை அருகருகே போட்டு அவற்றின் மேல் கீபோர்டை வைத்துக்கொள்வாள். சிட்லபாக்கத்தில் எங்கள் தெரு காலை ஒன்பதரை வரை ஸ்டேஷனுக்கு ஓடும். பத்து மணிக்கு ஓய்ந்துவிடும். அப்போது ஆரம்பித்தால் பதினொன்றரை வரை அவளை யாரும் கூப்பிட முடியாது. இரண்டு வருடம் இப்படி நடந்தது.

அவளுடைய அறுபத்தைந்தாவது பிறந்தநாள் வந்தது. அவளுக்கு ஒரு நல்ல வாத்தியம் வாங்கிக் கொடுத்து அசத்திவிட வேண்டும் என்று தீர்மானித்தேன். நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன்.

இரண்டு மாதம் ஆராய்ச்சி. அண்ணா சாலைப் பக்கம் உள்ள கடைகளில் என்னைப் பார்த்தாலே விற்பனையாளர்கள் சாப்பிடப் போக ஆரம்பித்தார்கள். கட்டைகளிலேயே மூன்று ஜாதி. தொட்டாலே பேசும் லேசான கட்டை. பியானோவைப் போல உள்ளே ஒரு சுத்தியல் ஏறி இறங்கும் கனமான கட்டை. இரண்டுக்கும் நடுவில் ஒன்று. கனமானதுதான் உயர்ந்தது என்று எல்லாப் புத்தகமும் சொன்னதால் அதற்குப் பத்துக்குப் பத்து கொடுத்தேன். சவுண்ட் மாட்யூல் என்று ஒரு பெட்டி உண்டு. அதில் கட்டையே இருக்காது. பெரிய டிபன் டப்பா அளவுதான். கீபோர்டோடு வயர் போட்டு இணைத்துவிட்டால் ஆயிரத்து இருநூறு வாத்தியங்களின் குரலில் பேசும். ஆயிரத்து இருநூறு குரலை வைத்துக்கொண்டு சிட்லபாக்கத்தில் என்ன செய்வது என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஸ்டாண்டு விஷயத்தில் நான் இன்னும் மோசம். கால்கள் கத்தரிக்கோல் மாதிரிக் குறுக்கே போகும் ஸ்டாண்டு, மேசை மாதிரி நிற்கும் ஸ்டாண்டு, இரண்டு தட்டு ஸ்டாண்டு எல்லாவற்றையும் பிடித்து ஆட்டி, ஈர்ப்பு மையம் எங்கே என்று கடைக்காரர்களுக்கு விளக்கினேன்.

"சார், அது ஊஞ்சல் இல்ல சார்" என்றார் ஒருவர்.

மகளிடம் மட்டும் போனில் சொல்லியிருந்தேன்.

"அம்மாகிட்ட கேட்டீங்களாப்பா?"

"கேட்டா எப்படி சர்ப்ரைஸ்?"

"உங்க அட்டவணைல எத்தனை கட்டம்?"

"பதினாலு."

"அதுல அம்மாவுக்குன்னு ஒண்ணு இருக்கா?"

சிரித்துவிட்டுப் போனை வைத்தேன்.

கடைசியில் பல்லாவரத்தில், வெள்ளிக்கிழமைச் சந்தை கூடும் சாலைக்குப் பின்னால் ஒரு சின்னக் கடையில் எல்லாம் படிந்தது. கடைக்காரர் ஐம்பது வயதுக்காரர். எல்லோரும் அவரைப் பாய் என்றே கூப்பிட்டார்கள். பழையதை எடுத்துக்கொண்டு புதியதைக் கொடுக்கச் சம்மதித்தவர் அவர் ஒருவர்தான். பிறந்தநாளுக்கு முந்தின நாள் மனைவி ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரத்தில், சின்னக் கீபோர்டை ஒரு போர்வையில் சுற்றி ஆட்டோவில் கொண்டுபோனேன்.

"யாரு சார் வாசிக்கிறது?" என்று கேட்டார் பாய்.

"என் மனைவி."

"அவங்கள இட்டாந்திருந்தா உக்காந்து வாசிச்சுப் பாத்திருப்பாங்களே."

"சர்ப்ரைஸ் பாய்."

"கீபோர்டுல இன்னா சார் சர்ப்ரைஸு? அது செருப்பு மாதிரி. போடறவங்க போட்டுப் பாத்துதான் வாங்கணும்." பழைய கீபோர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உள்ள எதுனா ரெகார்டிங் கீதா? வூட்ல ஒரு வார்த்த கேட்டுகினு வந்துடுங்க சார். நாளைக்குக் கூட மாத்திக்கலாம்."

"அதெல்லாம் ஒண்ணும் இருக்காது. இருந்தாலும் ரீசெட் பண்ணிட்டா போச்சு. எனக்குத் தெரியும்."

முந்தின வாரமே பழைய கீபோர்டின் மேனுவலைப் படித்திருந்தேன். இரண்டு பொத்தான்களை ஒன்றாக அழுத்திக்கொண்டு ஸ்விட்சைப் போட வேண்டும். போட்டேன். சின்னத் திரையில் ஒன்று முதல் ஐந்து வரை எண்கள் வந்தன. ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு நட்சத்திரம். அந்த இடங்களில் ஏதோ பதிவாகியிருக்கிறது என்று அதற்கு அர்த்தம். அதையும் மேனுவலில் படித்திருந்தேன். நிச்சயமாகவா என்று திரை என்னைக் கேட்டது.

அவை கம்பெனிக்காரர்கள் போட்டு வைத்த மாதிரிப் பாட்டுகள் என்று நினைத்ததாக இங்கே எழுதலாம். அப்படி நினைக்கவில்லை. எதையுமே நினைக்கவில்லை. படித்ததைப் பாய்க்கு முன்னால் செய்து காட்டும் அவசரம் மட்டும்தான் இருந்தது. ஆம் என்று அழுத்தினேன். நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாகப் போயின.

"புரொபசர்னா புரொபசர்தான்" என்றார் பாய்.

மறுநாள் காலை கோயிலுக்குப் போய்விட்டு வந்த மனைவி ஹாலைப் பார்த்து வாசற்படியிலேயே நின்றாள். இரண்டு தட்டு ஸ்டாண்டு. மேல்தட்டில் சவுண்ட் மாட்யூல், கீழ்த்தட்டில் எண்பத்தெட்டுக் கட்டை, தரையில் பெடல், எல்லாவற்றையும் சுற்றி வயர்.

"என்னங்க இது, ஐ.சி.யூ. மாதிரி இருக்கு?"

"ஆயிரத்து இருநூறு குரல். ஹேப்பி பர்த்டே!"

சிரித்தாள். கிட்டே வந்து ஒரு கட்டையை அழுத்தினாள். "கனமா இருக்கே."

"அதுதான் விசேஷமே."

"நின்னுக்கிட்டா வாசிக்கணும்?"

"சேர் போட்டுக்கலாம்."

அவள் உள்ளே போனாள். அறையில் மணைப்பலகைகள் மட்டும் கிடந்தன. திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது.

"பழசு எங்க?"

"எக்ஸ்சேஞ்ச்ல கொடுத்துட்டேன்."

"அதுல என்னோடது அஞ்சு இருந்துதே."

"என்ன அஞ்சு?"

"மெட்டு. நானா போட்டது. ரெண்டு வருஷமாப் போட்டது."

அவள் மெட்டுப் போடுவாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். "எழுதி வைக்கலையா?" என்றேன், குற்றம் அவளுடையது போல.

"பொட்டிக்குள்ள பத்திரமா இருக்கேன்னு விட்டுட்டேன். சரி, கடைக்குப் போன் பண்ணுங்க. ஒரே நாள்ல அழிச்சிருக்க மாட்டாங்க."

"கடைக்காரர் அப்பவே அழிச்சுட்டாரும்மா. அவங்க எப்பவும் அப்படித்தான் பண்ணுவாங்களாம்."

முப்பத்து நான்கு வருடம் மேடையில் நின்று பேசிய நாக்கு. ஒரு தடுமாற்றமும் இல்லாமல் வந்துவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை நான் எவ்வளவு தடுத்தும் கேட்காமல் அவள் பல்லாவரத்துக்குக் கிளம்பினாள். நானும் கூடப் போனேன். போகாமல் இருக்கத் தைரியம் இல்லை. சந்தைக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு கடைக்குள் நுழைந்தவள், ஒன்றாம் வகுப்புக்கு நடத்துகிற குரலில் ஆரம்பித்தாள்.

"ஒருத்தங்க பொருளை அவங்களைக் கேக்காம அழிக்கலாமா? உள்ளே ஏதாவது இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா நீங்க?"

கேட்ட ஒரே மனிதர் அவர்தான். பாய் அவளைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய கிடார்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"தப்புதான்க்கா" என்றார். "இனிமே கேட்டுட்டுத்தான் செய்வோம். மனசுல வெச்சுக்காதீங்க."

திரும்பும்போது ரயிலில், "ஆனா நல்ல மனுஷன்தாங்க. தப்பை உடனே ஒத்துக்கிட்டார் பாருங்க" என்றாள்.

குரோம்பேட்டையில் இறங்கும் வரை நான் ரயில் டிக்கெட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரங்களில் எண்பத்தெட்டுக் கட்டையை அவளுக்குப் பொருத்த நான் பட்ட பாடு தனி. சேரில் உட்கார்ந்து பார்த்தாள். "பேங்க் கவுண்டர்ல உக்காந்த மாதிரி இருக்கு" என்றாள். ஸ்டாண்டை அதன் கடைசிப் பள்ளம் வரை இறக்கினேன். தரையில் உட்கார்ந்தால் கட்டை அவள் முகவாய்க்கு வந்தது. ஸ்டாண்டையே எடுத்துவிட்டு மணைப்பலகைகளின் மேல் வைக்கலாம் என்று இரண்டு பேருமாகத் தூக்கினோம். என் இடுப்பில் ஏதோ சொடுக்கியது. வைத்த பிறகும் கோடியில் இருக்கும் கட்டைகளை எட்ட அவள் பக்கவாட்டில் நகர வேண்டியிருந்தது. பத்து நிமிடத்தில் மணிக்கட்டைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். ஆர்மோனியத்தில் பழகிய விரலுக்குச் சுத்தியல் தூக்கும் வேலை எதற்கு? பத்துக்குப் பத்து வாங்கிய கட்டை அது.

"அப்புறம் பாக்கலாங்க" என்றாள்.

அந்த அப்புறம் வரவே இல்லை. மேல்தட்டில் இஸ்திரிக்குப் போகவேண்டிய துணி சேர்ந்தது. பத்து மணிக்கு அவள் டிவி பார்க்க ஆரம்பித்தாள். பார்த்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. அது ஓடும், இவள் பீன்ஸ் நறுக்குவாள். வாத்தியம் கைக்கு ஒத்துவராதது ஒரு காரணம். உட்கார்ந்தால் போனதுதான் ஞாபகம் வருகிறது என்று மகளிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்ததை நான் கேட்டேன். இனி அவள் தொடவே மாட்டாளோ என்று எனக்குப் பயம் பிடித்தது.

"திரும்பப் போட்டுடேன். உனக்கு ஞாபகம் இருக்காதா?" என்று ஒருநாள் மெதுவாகக் கேட்டேன்.

"குழப்பமா இருக்கு. ஒண்ணோட ஆரம்பம் இன்னொண்ணுல போய் ஒட்டிக்குது." நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க ஏதாவது ஒண்ணு முணுமுணுங்களேன். முதல் வரி போதும், நான் பிடிச்சுக்குவேன். ரெண்டு வருஷம் பக்கத்து ரூம்லதானே இருந்தீங்க?"

இருந்தேன். பத்து மணி நான் பேப்பர் படிக்கிற நேரம். அவள் வாசிக்க ஆரம்பித்த முதல் வாரமே ஒரு ஹெட்ஃபோன் வாங்கிக் கொடுத்துவிட்டேன். காதுக்குள்ளேயே துல்லியமாகக் கேட்கும், உனக்கு நல்லது என்று சொல்லித்தான் கொடுத்தேன். அவள் அதை நம்பியோ நம்பாமலோ மாட்டிக்கொண்டாள். இரண்டு வருடமாக அந்த அறையிலிருந்து என் காதுக்கு வந்ததெல்லாம் பிளாஸ்டிக் கட்டைகளில் விரல் படும் டக் டக் சத்தம் மட்டும்தான். ஐந்து மெட்டில் ஒரு வரிகூட எனக்குத் தெரியாது.

நான் பேப்பரை எடுத்து மடித்ததைப் பார்த்து அவளே புரிந்துகொண்டாள். "ஆமாம்ல, ஹெட்ஃபோன் போட்டிருந்தேன்ல" என்று சொல்லிவிட்டுப் பீன்ஸ் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

மறுநாள் காலை ஏரியைச் சுற்றி நடந்துகொண்டிருந்தோம். பாதி தூரத்தில் சொன்னேன்.

"அதை அழிச்சது பாய் இல்ல. நான்தான்."

அவள் நடையை நிறுத்தவில்லை. பத்து அடி போன பிறகு, "தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"கடைக்குப் போயிட்டு வந்தப்புறம், அழிஞ்சதைத் திரும்ப எடுக்க வழி இருக்கான்னு பாக்க, உங்க ஃபைல்லேருந்து பழசோட மேனுவலை எடுத்தேன். ரீசெட் பண்றது எப்படிங்கிற பக்கத்துல பென்சில்ல கோடு போட்டிருந்தீங்க. ஸ்கேல் வச்சு. பக்கத்துல டிக் வேற."

நான் எந்த மேனுவலைப் படித்தாலும் அப்படித்தான் படிப்பேன். செய்து முடித்ததும் டிக் போடுவேன்.

"அப்பவே கேட்டிருக்கலாமே?"

"நீங்களா சொல்றீங்களான்னு பாத்தேன்." இப்போது நின்றாள். "அழிச்சதை விடுங்க. தெரியாம செஞ்சீங்க. அந்த மனுஷன் மேல போட்டீங்களே, அது தெரிஞ்சு செஞ்சது. நான் வேற போய் நாலு பேர் முன்னாடி அவரைத் திட்டிட்டு வந்தேன்."

"நான் சொல்லாமலே இருந்திருந்தா?"

"என்ன பண்றது? உங்களை யாரும் எக்ஸ்சேஞ்ச்ல எடுத்துக்க மாட்டாங்க."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "வெள்ளிக்கிழமை போறோம். அங்கே நீங்க பேசறீங்க. அப்புறம் வாயே திறக்கக் கூடாது" என்றாள்.

கடையில் அன்றைக்கும் இரண்டு மூன்று பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று நான் ஓரமாக நின்றேன். மனைவி என்னைப் பார்த்த பார்வையில் முன்னால் போனேன்.

"பாய், அன்னிக்கு அதை அழிச்சது நான். வீட்ல உங்க பேரைச் சொல்லிட்டேன். நீங்க கேட்கத்தான் சொன்னீங்க, நான்தான் கேட்கல. என்னை மன்னிக்கணும்."

பாய் கையிலிருந்த கிடாரைக் கீழே வைத்தார். "அட விடுங்க சார். அக்கா முன்னாடி உங்கள வுட்டுக் குடுத்தா அப்பால வூட்ல உங்களுக்கு யாரு சார் சோறு போடறது?"

"அதுக்காக நீங்க தப்புன்னு ஒத்துக்கிட்டீங்களே!" என்றாள் மனைவி.

"அக்கா வந்த வேகத்துக்கு நான் இன்னா சொன்னாலும் ஒத்துகினுதான் இருப்பேன்."

நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பல வாரம் கழித்து.

அப்புறம் அவள் தனக்கான கீபோர்டைத் தேர்வு செய்தாள். அட்டவணை இல்லை. கடைக்கு நடுவில் இரண்டு அட்டைப்பெட்டிகளை நகர்த்தச் சொல்லி, செய்தித்தாள் விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொரு கீபோர்டாக அவள் முன்னால் வைத்து எடுத்தோம். எல்லாவற்றிலும் ஒரே மெட்டைத்தான் வாசித்துப் பார்த்தாள். நாலாவது கீபோர்டில் வாசிக்கும்போது பாய் கேட்டார்: "இது எந்தப் பாட்டுக்கா? கேட்டா மாதிரியே இல்லையே."

"நானாப் போட்டது. அழிஞ்சதுல ஒண்ணு. இப்ப விரல்ல வருது."

மனைவியின் மெட்டை நான் முதன்முதலாகக் கேட்டது அங்கேதான். ஆட்டோ ஹாரனுக்கும் சந்தைக் கூச்சலுக்கும் நடுவில். அது ஏறிப்போய் ஓரிடத்தில் சட்டென்று குனிகிறது. பேருந்து வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் நிழலுக்குள் வருகிறவளைப் போல. அழகாக இருந்தது என்று சொல்ல நினைத்தேன். வாயைத் திறக்கக் கூடாது என்பது உத்தரவு.

அவள் எடுத்தது அறுபத்தொரு கட்டை, லேசான கட்டை. எண்பத்தெட்டைப் பாய் திரும்ப எடுத்துக்கொண்டார். சவுண்ட் மாட்யூலை மட்டும் அவள் விடவில்லை. அதில் புல்லாங்குழலும் ஆர்மோனியமும் கலந்த மாதிரி ஒரு குரல் இருக்கிறதாம், அது போதும் என்றாள். ஆயிரத்து இருநூறில் ஒன்று.

ஸ்டாண்டுதான் இல்லை. தரையில் உட்கார்ந்து வாசிக்கிறவர்களை எந்தக் கம்பெனியும் நினைத்துப் பார்க்கவில்லை. பாய்தான் ஒரு வழி சொன்னார்.

"அக்கா, எங்க மதரஸாவுல பசங்க தரையில உக்காந்துதான் ஓதுவாங்க. கிதாப், அதான் ஓதற புக்கு, வெக்கறதுக்கு முன்னாடி ஒரு நீள பெஞ்சு கீது. கிட்டத்தட்ட உங்க முட்டி உயரம். அது செய்யற ஆசாரி நம்ம தெருதான். அளவு மட்டும் குடுங்க."

நான் சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்தேன். மனைவி அதை என் கையிலிருந்து வாங்கி, பாயிடம் கொடுத்தாள்.

பத்து நாளில் பெஞ்சு வந்தது. மாமரம். மடக்கினால் கதவுக்குப் பின்னால் நிற்கும். இப்போது பத்து மணிக்கு நானும் அந்த அறையில்தான் இருக்கிறேன். நாலு மெட்டுகள் ஒவ்வொன்றாக வந்துவிட்டன. மகள் சொன்னபடி அவற்றைப் போனிலும் பதிந்து வைத்திருக்கிறாள், நோட்டிலும் எழுதியிருக்கிறாள்.

ஐந்தாவது வரவில்லை. ஆரம்பம் தெரிகிறது, எங்கே திரும்பும் என்பது தெரியவில்லை என்கிறாள். வாரத்தில் இரண்டு நாளாவது அதைத் தேடுகிறாள். நேற்றும் தேடினாள். அதே இடத்தில் வந்து நின்றாள். இரண்டு மூன்று விதமாக இறங்கிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இப்படியா இருந்துது?"

"எனக்குத் தெரியாதும்மா. நான் கேட்டதில்லையே."

"சரி, பழசை விடுங்க. இப்ப வாசிச்சேனே, இது நல்லா இருக்கா?"

"கடைசி இறக்கத்தை நான் சரியா கவனிக்கல" என்றேன். "இன்னொரு தடவை வாசி."

அவள் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.